இருபத்து மூன்று நாள் 'செய்யவில்லை'

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சொந்தக்காரர் ஒருவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் விளம்பரம்: புற்றுநோய்க்காரர்கள் வீட்டிலிருந்தே உடற்பயிற்சி செய்ய ஓர் ஆப். செய்கிறோமா இல்லையா என்று போன் கேமராவே பார்த்துக் குறித்துக்கொள்ளுமாம். படத்தில் இறுக்கமான பனியன் போட்ட ஒரு பெண் பளிங்குத் தரையில் பாய் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே காத்திருந்த ஒருத்தரிடமும் அந்தப் பனியன் இல்லை, அந்தத் தரை இல்லை. சிரிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் படத்துக்குப் பதில் சொல்லத்தான் ஆனிமேரி டீச்சரை உண்டாக்கினேன்.

2

ஆனிமேரி ஜன்னலோரம் நின்று வைகையைப் பார்த்துக் கண்ணீர்—

(வேண்டாம். கோச்சடையில் அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அவள் அழுகிற ரகமும் இல்லை.)

சரி, இப்படி. ஆனிமேரி மிஷன் பள்ளியில் இருபத்தேழு வருடமாகக் கணக்கு டீச்சர். வலது மார்பை எடுத்தாயிற்று. வலது கை தோளுக்கு மேலே ஏற மறுக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது கரும்பலகையில் எழுதக் கை ஏறவேண்டும். ஏறும் என்று டாக்டர் கடிதம் தரவேண்டும். ஆப்பில் பயிற்சி ஒழுங்காகப் பதிவாகியிருந்தால்தான் கடிதம்.

தினமும் காலையில் கணவர் தனிஸ்லாஸ் போனைப் பிடித்துக்கொள்வார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்குவாள். போன் சொல்லும்: "தோள் தெரியவில்லை. இறுக்கமான உடை அணியவும்." ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு தோளையும் மூடித்தான் முந்தானை போர்த்துகிறாள். தனிஸ்லாஸ் முன்னால்கூட விலக்குவதில்லை.

பிறகு சுவரோரம் போவாள். விரல்களால் சுவரில் ஏறி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்துத் தேதி போடுவாள். கரும்பலகையின் மேல்விளிம்பு உயரத்தைப் பள்ளியில் அளந்துவந்து, அங்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுவைத்திருந்தார் தனிஸ்லாஸ்.

3

இருபத்து மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து சரண்யாதேவி கூப்பிட்டாள். பயிற்சிக் கணக்கைப் பார்ப்பது அவள் வேலை.

"மேடம், இருபத்திமூணு நாளா 'செய்யவில்லை'ன்னே காட்டுது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா பயிற்சி லிஸ்ட்லருந்து உங்க பேர எடுத்துருவாங்க."

"தினமும் செய்யிறேம்மா. எங்க வீட்டுச் செவுத்த வந்து பாரு, தேதி போட்டு வச்சிருக்கேன்."

"செவுத்தயெல்லாம் நாங்க எடுத்துக்க முடியாது மேடம். தோள் தெரியிற மாதிரி ஒரு டி-ஷர்ட் போட்டுக்கங்களேன்."

ஆனிமேரியின் குரல் வகுப்பறைக் குரலானது. "இருபத்தேழு வருஷமா எம்புட்டோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கேன். பேப்பரப் பாக்காம ஒருத்தனுக்கும் முட்டை போட்டதில்ல. நீங்க எனக்குப் போடுறீங்களே?"



(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சரண்யாவைக் கல்நெஞ்சுக்காரி ஆக்கத்தான் முதலில் பார்த்தேன். பாவம், ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கூப்பிடுகிறவள். திரையில் தெரிவதுதான் அவளுக்கும் தெரியும். புடவை கட்டுகிற ஊருக்குப் புடவையே தெரியாத ஒன்றைச் செய்து அனுப்பிய புண்ணியவான்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள். என் கதைக்குள் வர அவர்களுக்கு நேரமில்லை.)

4

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டாக்டரே கோச்சடைக்கு வந்து சுவரைப் பார்க்கிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்றில் ஆனிமேரி தனிஸ்லாஸை வெளியே போகச் சொல்லிவிட்டு, போனைச் சாய்த்து வைத்து, முந்தானையை எடுக்கிறாள். அங்கே—

அங்கே என்ன இருக்கிறது என்று எழுத நான் யார்? தோளைக் காட்டினால்தான் நம்புவேன் என்றது போன். தழும்பைக் காட்டினால்தான் கதை நிற்கும் என்று நானும் நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதற்கு மேல் கோபமாக இருக்கிறது, என் மேலேயே.

முந்தானை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இருபத்து நான்காம் நாள். ஆனிமேரி சுவரில் ஏறுகிறாள். இன்றைய கோடு சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. போன் இன்றும் 'செய்யவில்லை' என்கிறது. கடிதம் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை.

மார்க்கை நீங்களே போடுங்கள். பேப்பர் சுவரில் இருக்கிறது.