ட்ரெனாவியப் படையின் விருந்து நாள்

ட்ரெனாவியா என்றொரு நாடு கிடையாது. அதற்கு ஒரு ராணுவம் மட்டும் உண்டு. அதைப் படைத்தவள் நான், வால்யெவோ ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளை அச்சிடும் பெல்கிரேடு பதிப்பகம் ஒன்று, என் படை அவர்களுடைய ஆளிடம் ஓர் ஆட்டம் தாக்குப்பிடித்தால் அதைப் பெட்டியில் போட்டு விற்பதாகச் சொல்லியிருந்தது. பெட்டியின் மேல் டெசாங்கா ரிஸ்திச் என்று அச்சாகும். அதைப் பார்க்க எனக்கு இருந்த வெறியை வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

ஒரு படைக்கு நூறு புள்ளிதான் வரம்பு. டாங்கி வாங்கினால் காலாட்படை மெலியும். காலாட்படையைக் கொழுக்க வைத்தால் பீரங்கியை இழுக்க வண்டி இருக்காது. மாதக் கடைசியில் குடும்பம் நடத்துவது போல வெட்டி ஒட்டி, மூன்று பட்டாளம், ஒரு டாங்கிப் பிரிவு, ஒரு பீரங்கிப் பிரிவு என்று அட்டைச் சில்லுகளில் கட்டி முடித்தேன். அப்போதுதான் எங்கள் விளையாட்டுச் சங்கத்துத் தலைவர், ஓய்வுபெற்ற கர்னல் மிலோயே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தலைமையகத்துக்கு ஒரே ஒரு சில்லா? நான் இருந்த தலைமையகத்துல காபி போடவே மூணு பேரு, டீச்சரம்மா!"

"காபி போடறவன் டாங்கியைத் தடுப்பானா, கர்னல்?"

"தடுக்க மாட்டான். ஆனா அவன் இல்லன்னா தளபதி எந்திரிக்கவே மாட்டார்."

துணைத்தளபதி, அவருக்கு ஒரு துணை, வாத்தியக் குழு என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் சொன்னதையெல்லாம் சேர்த்தால் சுடுகிறவனைவிட சல்யூட் வாங்குகிறவன்தான் அதிகம். ஈவு இரக்கமில்லாமல் எல்லாவற்றையும் வெட்டினேன். மனுஷர் முகம் தொங்கிப்போயிற்று.

"சரி, ஸ்லாவாவையாவது விட்டு வை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு புனிதர். அவர் நாள் அன்னிக்கு விருந்து, பாட்டு. மறுநாள் மனபலம் ரெட்டிப்பு."

"எத்தனை புள்ளி?"

"புனிதருக்குப் புள்ளி போடுவியா? இலவசம்."

இலவசம் என்றதும் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழுந்துவிட்டாள். விதியைக் கர்னலே எழுதினார்: 'புனிதர் நாளில் வரும் விருந்தாளியைத் தடுக்கக் கூடாது.' அதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. வீட்டுப் புனிதரின் நாளான ஸ்லாவாவுக்கு எங்கள் ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், வந்தவரை உட்கார வைத்துச் சாப்பாடு போடுவோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்கிறவர் ஹங்கேரி எல்லையை ஒட்டிய சுபோதிட்சாவிலிருந்து வந்தார். பதிப்பகத்தின் ஆள், பெயர் சோல்தான். ஹங்கேரியக் குடும்பம், அவர்கள் வீட்டில் ஸ்லாவா கிடையாது. ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் சாப்பிட்டு வளர்ந்தவர். விதிப் புத்தகத்தை நிதானமாகப் படித்துவிட்டு ஆட உட்கார்ந்தார்.

மதியத்துக்குள் அவருடைய படையின் இடது பக்கத்தை உடைத்துவிட்டேன். என் டாங்கிகள் பாலத்தைப் பிடித்துவிட்டன. பெட்டியின் அட்டை என்ன நிறத்தில் இருக்கலாம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஒரு நாள். அந்தச் சுற்றில்தான் என் தலைமையகத்தின் புனிதர் நாள் வந்தது. சோல்தான் தன் பட்டாளம் ஒன்றை அப்படியே தூக்கி, என் காவல் சாவடிகளைத் தாண்டி, தலைமையகக் கட்டத்தில் வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"விருந்துக்கு வர்றேன், டீச்சர்."

"நீங்க எதிரி!"

"எதிரி வரக் கூடாதுன்னு விதியில எங்க இருக்கு? வெறுங்கையோட வரல, பாருங்க. ஒரு லாரி நெறைய சரக்கு."

கர்னல் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. சோல்தானின் கன்னத்தில் மாறி மாறி மூன்று முத்தம் கொடுத்து, "வாங்க, வாங்க!" என்றார்.

"கர்னல், நீங்க யார் பக்கம்?"

"விருந்து போடற வீட்டுக்காரன் பக்கம்."

விருந்து முடிந்த மறு சுற்றில் அந்தப் பட்டாளம் என் தலைமையகத்தைப் பிடித்துவிடும். ஆட்டமும் போகும், பெட்டியும் போகும். விதியை மறுபடி படித்தேன். தடுக்கக் கூடாது, சரி. வந்து உட்கார்ந்த பிறகு?

"பீரங்கி சுடுது" என்றேன்.

"மேசையில உக்காந்து சாப்பிடறவனையா?" கர்னலின் குரல் உடைந்தது.

"சுடக் கூடாதுன்னு எழுதலையே."

"அதை எழுதணுமாடி? அதையுமா எழுதணும்?"

பகடையை உருட்டினேன். ஆறு விழுந்தது. வறுத்த ஆட்டுக்கறி வாயில் இருக்கும்போதே சோல்தானின் பட்டாளம் மொத்தமும் செத்தது. என் தலைமையகத்திலும் அடி விழுந்தது. காபி போடுகிறவர்களை முன்பே வெட்டியிருந்ததால் இழப்பு குறைவு. சோல்தான் தன் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, என் படை தாக்குப்பிடித்ததாகக் கையெழுத்துப் போட்டார்.

பெட்டி வந்தது. பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கர்னல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, ஊரில் மற்ற எல்லோரோடும் பேசினார். சந்தையில், முடிவெட்டும் கடையில், தேவாலய வாசலில். நாலு வாய் மாறியதும் பகடை உதிர்ந்துபோய் பீரங்கி மட்டும் மிஞ்சியது. ஸ்லாவா அன்று விருந்தாளியைச் சுட்டவள் டீச்சர். ரொட்டிக்கடைக்காரி என் கண்ணைப் பார்க்காமல் சில்லறை கொடுத்தாள்.

டிசம்பரில் எங்கள் வீட்டுப் புனிதர், நிக்கோலாவின் நாள் வந்தது. இறைச்சி கூடாத விரத காலம் என்பதால் மீனும், பெரிய சட்டியில் வேகவைத்த பீன்ஸும் செய்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாதிரியார் வந்து சடங்கு ரொட்டியை அறுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஓடினார். அதற்குப் பிறகு ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. அழைக்கிற வழக்கம் இல்லாததால், வாருங்கள் என்று ஒருவரிடம் போய் கெஞ்சவும் வழியில்லை. மெழுகுவர்த்தி பாதி எரிந்துவிட்டது. மேசை நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, உட்கார்ந்து அழுதேன்.

வாசல் மணி அடித்தது. திறந்தால் சோல்தான், தோளெல்லாம் பனி.

"வரலாமா, டீச்சர்?"

"ஊரே பயந்துக்கிட்டு வரல. உங்களுக்குப் பயமா இல்லையா?"

அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நான்தான் ஏற்கெனவே செத்தாச்சே. எனக்கென்ன பயம்? சாப்பாட்டைப் போடுங்க."