பம்புக்குள் போன செருப்பு

மண்டைதீவுக்கு அப்பால் காற்றும் செத்து, எஞ்சினும் கொதித்து நின்றதும் லெனாட்டுக்கு விசர் பிடித்தது. பாய்ப்படகு அவன் மனைவியின் தம்பி றஞ்சித்துடையது. பிரான்சிலிருந்து ஓட்டி வந்திருந்தான்.

"இவ்வளவு தூரம் ஓடி வந்தனி, மேலதிகமா ஒரு பம்பு ரப்பர் கொண்டுவர ஏலாதே?"

கடல்தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்பில் ரப்பர் சக்கரம் கருகிச் சிதறியிருந்தது. லெனாட் றஞ்சித்தின் புதுச் செருப்பொன்றைப் பறித்து, அதே அளவுக்குச் சக்கரம் வெட்டிப் பொருத்தினான். அப்போதும் தண்ணீர் வரவில்லை. திட்டிக்கொண்டே குழாயைக் கழற்றினான். படகில் கட்டியிருந்து கடலில் கழன்று விழுந்த சரிகைத் தோரணம், தண்ணீரோடு இழுபட்டுப்போய் உள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்கு வந்தது.

"உந்தத் தோரணத்தைப் படகிலை கட்டின விசரன் ஆரடா?"

"பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லிப் படகை மந்திரிச்ச அண்டைக்கு நீங்கள்தானே அத்தான் கட்டினீங்கள். நான் வேண்டாமெண்டு சொன்னனான்."

லெனாட் குழாயைப் பூட்டினான். எஞ்சின் உறுமியது, பின்பக்கத்தால் தண்ணீர் பீச்சியது. அவன் தன் காலில் கிடந்த செருப்பொன்றைக் கழற்றி மச்சானிடம் எறிந்தான்.

"போட்டுக்கொண்டு சுக்கானைப் பிடி. உன்ரை அக்காட்டை இதைப்பற்றி வாய் திறந்தியெண்டால் மற்றதாலை வாங்குவாய்!"