வெர்னாவின் மெத்தென்ற தோட்டா

வெர்னா ப்ரூயிட் இடது முழங்கையால் கைப்பிடியை அழுத்தினாள். மேசையில் திருகி வைத்திருந்த தோட்டா இயந்திரம் முனகிக்கொண்டே பித்தளைக் கூட்டுக்குள் ஈயக் குண்டை இறக்கியது. இதையெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வலது கையால் செய்தவள்தான். இப்போது அந்த மணிக்கட்டில் கட்டு. வான்கோழித் தொழிற்சாலையில் தொடை எலும்பைப் பிரித்தெடுக்கும் வரிசையில் நின்று நின்று, காபிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் தூக்கும் நிலைக்கு வந்திருந்தாள்.

அவள் கணவன் டாரல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். கராஜ் வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முடிந்த தோட்டாக்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வெடிமருந்த இன்னும் கொஞ்சம் குறையேன்," என்றான்.

"குறைச்சாச்சு. இதுக்கு மேல குறைச்சா குண்டு வெளியவே வராது. குழலுக்குள்ளயே படுத்துத் தூங்கிடும்."

கை தாங்குகிற மாதிரி ஒரு தோட்டாவுக்காகத்தான் இவ்வளவு பாடு. எடை கூடின குண்டு, சட்டென்று எரிகிற மருந்து, அதிலும் ஒரு சிட்டிகை. அப்படிச் செய்தால் துப்பாக்கி மணிக்கட்டை அறையாது, மெதுவாகத் தள்ளும். ஆனால் நம் இஷ்டத்துக்கு மெத்தென்று ஆக்கிவிட முடியாது. கிளப்பின் சுடும் போட்டியில் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வலு எண் என்று ஒன்று போடுவார்கள். அது நூற்றிருபத்தைந்தைத் தொடவில்லையென்றால் நாள் முழுக்கச் சுடலாம், மதிப்பெண் மட்டும் பூஜ்யம். கோடை முழுக்கக் குளக்கரையில் குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை நட்டுவைத்து, மருந்தைக் கூட்டியும் குறைத்தும் மல்லுக்கட்டி, கடைசியில் நூற்றிருபத்தேழில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். சுட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் டாரலுக்கு வறுத்த கெளுத்தி மீன் கிடைத்தது.

சிக்கல் கிளின்ட் ஹாஃப்னர் உருவத்தில் வந்தது. தொழிற்சாலையில் அவன் பாதுகாப்பு மேலாளர். வெர்னாவின் கை அறுவைச் செலவைக் கம்பெனி ஏற்குமா என்பது அவன் சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கிளின்ட்தான் சுடும் கிளப்பில் வேகமானிக்குப் பின்னால் உட்காருவான். ஒருநாள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நான் உனக்கு எதிரி இல்ல, வெர்னா. ஆனா நீயே சொல்லு. முழு வலுவுல துப்பாக்கி சுடுற பொம்பளைக்குக் கை போச்சுன்னு நான் மேல எப்படிச் சொல்றது?"

"சுடுறது பத்து நிமிஷம், கிளின்ட். தொடை அறுக்கிறது பத்து மணி நேரம்."

"வாஸ்தவம்தான். ஆனா கை போனது நெசம்னா, வீட்ல தோட்டா இயந்திரத்த இழுத்து இழுத்துத்தான் போச்சும்பாங்க."

வெர்னா சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வீட்டில் டாரல் ஒரு வழி கண்டுபிடித்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? வலு எண்ல கோட்டை விட்டுடு. முழு வலுவுல சுட அவளால முடியல, பாவம்னு கிளின்ட் கண்ணால பாக்கட்டும். ஆப்பரேஷன் தானா வரும்."

"நான் போட்ட தோட்டா தேறலன்னு கிளப்புல நாலு பேர் பேசணுமா? அதுக்குக் கைய வெட்டியே குடுத்துடலாம்."

"அதத்தானே கம்பெனி செஞ்சுக்கிட்டு இருக்கு."

அன்றிரவு பீன்ஸ் பாத்திரம் அவன் பக்கம் நகரவேயில்லை.

போட்டி நாள் காலையில் மிசூரிக் குளிர் புல்லை வெள்ளையடித்திருந்தது. கிளின்ட் வந்து வெர்னாவின் தோட்டாக்களில் எட்டை எடுத்துக்கொண்டான். ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை பார்த்தான். மூன்றைச் சுட்டான். போதவில்லை. இன்னும் மூன்றைச் சுட்டு, நல்லதாக மூன்றைப் பொறுக்கிக் கணக்குப் போட்டான். நூற்றிருபத்து நாலு புள்ளி ஏழு.

"அது எப்படி?" வெர்னா கணக்குத் தாளை எட்டிப் பார்த்தாள். "குளக்கரையில நூத்தியிருபத்தேழு வந்துச்சே."

டாரல் அவள் காதருகே குனிந்தான். "அன்னைக்குப் பெட்டிய வண்டிக் கண்ணாடிக்கு முன்னால, வெயில்ல வச்சிட்டேன். மருந்து சூடேறிக் குண்டு வேகமா ஓடியிருக்கு. இன்னைக்கு வெறைச்சுப் போய்க் கெடக்கு." சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. திட்டம் போடாமலே திட்டம் பலித்துவிட்டது.

கிளின்ட்டும் தணிந்த குரலில்தான் பேசினான். அவனுக்குள்ளும் எங்கோ ஓரத்தில் ஈரம் இருந்திருக்க வேண்டும். "இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. அதையும் சுட்டுப் பாக்கலாம், இல்ல பிரிச்சுக் குண்ட நிறுக்கலாம். எடை கூட இருந்தா அந்த எடைய வச்சுக் கணக்கு மாறும். விதி அது. வேண்டாம்னா இப்படியே விட்டுடலாம். விட்டா, நாளைக்கு மேலிடத்துல நானே பேசறேன். கண்ணால பாத்தேன்னு சொல்வேன்."

விட்டுவிடு என்று டாரலின் கண் கெஞ்சியது. வெர்னா மணிக்கட்டைப் பார்த்தாள். ராத்திரிகளில் அது விண்விண்ணென்று தெறித்து எழுப்பிவிடுவதை நினைத்தாள். வாயைத் திறந்து "சரி, விடு" என்று சொல்லத்தான் போனாள்.

அப்போது பின்னால் நின்ற பச்சைத் தொப்பிக்காரி, போன வருஷம் வெர்னாவிடம் தோற்றவள், வாஞ்சையாகச் சொன்னாள். "விடு கண்ணு. வயசானா எல்லாருக்கும் கை தளரத்தான செய்யும்."

வெர்னா நிமிர்ந்தாள். "எடை போடு."

"வெர்னா," என்றான் டாரல்.

"எடை போடுன்னேன். அந்தக் குண்டு நான் வார்த்தது. ஈயத்துல நான் என்னைக்கும் கஞ்சத்தனம் பண்ணினதில்ல."

கிளின்ட் தோட்டாவைப் பிரித்துக் குண்டைத் தராசில் வைத்தான். முதல் குண்டைவிட ஒரு மயிரிழை கூடுதல். அதைப் பெருக்கினான். ஒருமுறை பார்த்தான், மறுபடி பெருக்கினான். நூற்றிருபத்தைந்து புள்ளி ஒன்று. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். டாரல் தோட்டாப் பெட்டிமேல் உட்கார்ந்து தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

"கெடுத்தியே, மகராசி."

அன்றைக்கு அவள் சுட்டது பார்க்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கையைத் தொடை இடுக்கில் அழுத்திக்கொண்டு, மற்றவர்கள் பார்க்கும் முன் எடுத்துவிட்டாள். பெண்களில் முதலிடம். பச்சைத் தொப்பிக்காரி கைகுலுக்க வந்தபோது இடது கையை நீட்டினாள்.

புதன்கிழமை கிளின்ட் அவளைக் கூப்பிட்டனுப்பினான். அறுவைச் செலவு கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டதாம்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லல, வெர்னா. கேட்டாங்க, எண்ணைச் சொன்னேன்."

"நல்ல எண்ணுதான்," என்றாள் அவள். அழுகை வந்தது, ஆனால் இவன் முன்னால் அழக்கூடாது என்றிருந்தது.

"ஆனா மேல எல்லாருக்கும் ரொம்பப் பெருமை. வெளிய வா."

வெளியே ஒரு பெண் கேமராவோடு நின்றாள். வெற்றி பெற்ற தொழிலாளிக்குக் கம்பெனியின் அன்பளிப்பு, உறைந்து கல்லாகிப்போன பெரிய வான்கோழி ஒன்று. வெர்னா அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டாள்.

"அப்படி வேண்டாங்க," என்றாள் கேமராக்காரி. "துப்பாக்கி பிடிச்ச கையால, ஒரே கையால, மேல தூக்கிக் காட்டுங்க. வலுவான கைன்னு போடப்போறோம்."

வெர்னா கிளின்ட்டைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். வான்கோழியின் காலைக் கட்டியிருந்த கயிற்றை அவள் வலது கையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் மேல. அப்படியே இருங்க. இன்னொண்ணு எடுத்துடறேன்."

மறுவாரம் அந்தப் படம் ஆளுயரத்தில் அச்சாகி, தொடை அறுக்கும் வரிசைக்கு எதிர்ச் சுவரில் ஏறியது. கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். பல்லைக் கடித்தது படத்தில் நல்ல சிரிப்பாக விழுந்திருந்தது. அதற்குள் அடுத்த தொடை வந்துவிட்டது.