செல்லமுத்துவின் இன்னொரு மகள்

புஷ்பவள்ளிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தொண்டையில் சோறு இறங்காது. பத்தாங் பெர்ஜுந்தாய் தமிழ்ப்பள்ளியில் பதினெட்டு வருஷமாகச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவள், நூற்றுப் பதினைந்து கிலோ, சாப்பாட்டு விஷயத்தில் யாருக்கும் வஞ்சனை செய்யாதவள், தனக்கும் சேர்த்துத்தான். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடச்சுட இருந்த ரொட்டியைத் தொடாமல் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தாள் என்றால் விஷயம் பெரிசு.

அப்பா செல்லமுத்து இறந்து வருஷம் ஆகப்போகிறது. செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக ஆட்களை மேய்த்தவர். வருஷத் திதியை ராமேஸ்வரத்தில் கொடுக்கலாம் என்று தம்பி சுகுமாறன் திருச்சிக்கு விமான டிக்கெட் போட்டிருந்தான். அவன், அம்மா வேலம்மா, புஷ்பவள்ளி, மூன்றே பேர். தம்பி மனைவி கங்கா அந்த டிக்கெட்டை வாட்ஸாப்பில் அனுப்பினாள். அனுப்பிய கையோடு, "அண்ணி, அதப் பாக்காதீங்க, வேற அனுப்பறேன்" என்று போன் வேறு போட்டாள். பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க புஷ்பவள்ளி என்ன முனிவரா?

டிக்கெட்டில் நாலு பெயர் இருந்தது.

மூன்றாவது வரியில் புஷ்பவள்ளி ஏபி செல்லமுத்து. நாலாவது வரியில் ஈ, எக்ஸ், எஸ், டி என்று நாலு எழுத்து, அதற்குப் பின்னால் அதே ஏபி செல்லமுத்து. ஏபி என்றால் அனாக் பெரம்புவான். அதாவது செல்லமுத்துவின் மகள். அடையாள அட்டையான ஐசி எடுத்த நாளிலிருந்து புஷ்பவள்ளி தன் பெயருக்குப் பின்னால் எழுதி எழுதிக் கை பழகிய எழுத்துகள்.

வேறு யாராவது என்றால், ஈ எக்ஸ் எஸ் டி ஒரு பெயரா, ஏதோ விமானக்காரன் சங்கதி என்று விட்டிருப்பார்கள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அப்படித் தோன்றாது. பதிவேடு எழுதும் கிராணி காதில் எப்படி விழுந்ததோ அதுதான் அங்கே பெயர். புஷ்பவள்ளியின் சித்தப்பா சன்னாசி சாகும் வரை ஐசியில் 'சனசீ'யாகவே இருந்தார். அதனால் அவள் அந்த நாலு எழுத்தையும் நாலைந்து தடவை வாய்விட்டுப் படித்தாள். எக்ஸ்ட்... எஸ்ட்... எஸ்தர்!

அடப்பாவி மனுஷா, என்று அப்பாவின் படத்தைப் பார்த்தாள்.

மாதம் ஒரு தடவை சங்கக் கூட்டம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போவாரே, அது எந்தச் சங்கம்? நெருப்பில்லாமல் புகையுமா? போன வாரம் கோலசிலாங்கூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் பின்வாசலில் நின்று போனில் பேசியதும் இப்போது ஞாபகம் வந்தது. "ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கணும். அக்காவுக்குத் தெரியக் கூடாது லா." தெரியக் கூடாதாம்! எங்கிருந்தோ ஒருத்தியைப் பிடித்து வந்து அக்கா பக்கத்தில் உட்கார வைத்து, பறக்கும்போது, இவதான் ஒன் தங்கச்சி என்று சொல்லப் போகிறான். நடுவானில் இறங்கி ஓடவா முடியும்?

கடைசி ஆறு மாதம் அப்பாவைக் குளிப்பாட்டியது அவள். சாகும்போது, எனக்கு இருக்கறது நீ ஒரே பொண்ணும்மா, என்று அவர் சொன்னதும் அவளிடம்தான். அந்த வார்த்தையை வைத்துத்தான் ஒரு வருஷமாக மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். அது பொய் என்றால்? காரை எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூருக்குக் கிளம்பிவிட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "யாருடா எஸ்தர்?"

சுகுமாறன் லோரி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். "எந்த எஸ்தருக்கா?"

கைப்பேசியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. "கங்கா! அனுப்பாதேன்னு சொன்னேன்ல?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். கங்கா தலையை நீட்டிவிட்டு மறுபடியும் அடுப்படிக்குள் போய்விட்டாள். கூடத்தில் அம்மா மட்டும் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டு நிமிராமல் இருந்தாள்.

"அது ஆளு இல்லக்கா."

"ஆளு இல்லாததுக்குப் பேரு எதுக்குடா? அதுவும் அப்பா பேரு?"

"அப்புறமாச் சொல்றேன்."

"இப்பச் சொல்லு. இல்லன்னா திதிய நீங்களே போய்க் குடுத்துக்குங்க. அவ ஏறுற பிளேன்ல நான் ஏற மாட்டேன்."

பாவம் சுகுமாறன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அக்காவின் மானத்தில் கை வைக்க வேண்டும். டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எக்ஸ்ட்ரா சீட்டுக்கா அது. ஒன் பக்கத்துல காலியா வுடுறதுக்கு. காலி சீட்டுன்னாலும் ஒரு பேரு போடணுமாம். ஒன் பேருக்குப் பின்னால இருக்கறத ஏஜெண்டு அப்படியே போட்டுட்டான்."

"எனக்கு எதுக்குடா ரெண்டு..." என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது.

"போன தடவ நான் மூணு வரிசை பின்னாலதான் இருந்தேன்" என்றான்.

போன தடவை. திருச்சி விமானத்தில் நடுச்சீட்டில் அவள். கைப்பிடி கீழே இறங்கவில்லை. பெல்ட்டுக்கு இன்னொரு துண்டு கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரன் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, எனக்கு வேறு இடம் கொடு என்றான். இடம் இல்லை. நாலு மணி நேரம் தோளைக் குறுக்கி, மூச்சைப் பிடித்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கன்றிப்போனது ஆற பத்து நாள் ஆனது. இறங்கியதும் எல்லாரிடமும், சொகமாத் தூங்கிட்டேன் லா, என்றுதான் சொன்னாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

வெட்கமாக இருந்தது. தம்பிமேல் பாசம் பொங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, அப்பா பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி.

"அப்ப எஸ்தரு நான்தானா?" என்று சிரித்துவிட்டாள். சுகுமாறன் சிரித்தான். கங்கா தைரியம் வந்து தேத்தண்ணியோடு வெளியே வந்து அவளும் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. கிள்ளிய தலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "அப்ப அவ வரலையா?" என்றாள்.

"யாரும்மா?"

"பத்தாங் காலியில இருக்கற புள்ள. நீ வந்து சத்தம் போடவும், தம்பிதான் தேடிப் புடிச்சுக் கூப்புட்டிருக்கான்னு நெனச்சேன். சரி, திதிக்காவது வரட்டும்னு பேசாம இருந்தேன்."

"எந்தப் புள்ளம்மா?" என்று சுகுமாறன் டயரை விட்டு எழுந்தான்.

"பேரு திலகா. ஒருவாட்டி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒன்ன மாதிரியே அப்பா வாகு. அவ வந்தா அவளுக்கும் ரெண்டு சீட்டு போடணும்."

புஷ்பவள்ளி அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அந்த எஸ்தரைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"அவளும் ஏபி செல்லமுத்துதானாம்மா?"

"அதெங்க? சூராட் பெரானாக்ல, அதான் பொறப்புப் பத்திரத்துல, தகப்பன் பேரு போட வேண்டிய எடத்த அப்படியே வுட்டுட்டாங்க."

புஷ்பவள்ளிக்கு அழுகை முட்டியது. அப்பாமேல் கோபமா, முகம் தெரியாத அந்தத் திலகாமேல் இரக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"காலி சீட்டுக்குக்கூட அப்பா பேரக் குடுத்திருக்காங்களேம்மா" என்றாள்.