தோளில் இருந்த கை

செத்தவளின் தோளிலிருந்து என் கையை நானே அழித்தேன். பேனர் அச்சடிக்கும் கடையில் படம் திருத்துவது என் வேலை.

அவளைச் சைரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வாடகைதாரர் சங்க ஊர்வலத்தில் கோஷம் போட்டதும் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடியதும் அதே தொண்டைதான். வீட்டு ஓனரிடம் அக்கா தங்கை என்று புளுகிவிட்டு, ஒரே அறையில் நானும் அவளும் குடும்பம் நடத்தினோம். போன மாதம் ஊர்வலத்தில் போலீஸ் தள்ளியதில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தின்போது நான் கல்லறைத் தோட்டத்து வாசலில், யாரோ மாதிரி நின்றேன்.

அதற்குப் பிறகு அச்சு எந்திரம் ஓடும்போதெல்லாம் அதற்குள் அவள் குரல் கேட்கிறது. பயமாக இல்லை, எரிச்சலாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோதும் என்னை நிம்மதியாக வேலை செய்ய விட்டவள் இல்லை அவள்.

நினைவுக் கூட்டம் இரண்டு இடத்தில், சங்கத்திலும் ஆலயத்திலும். இரண்டு பேனரும் என்னிடமே வந்தன, படமும் ஒன்றேதான். அவள் சிரிக்கிறாள். கழுத்தில் சிலுவை, சட்டையில் சங்க பேட்ஜ், தோளில் என் கை. மற்றபடி நான் படத்தில் இல்லை. சங்கச் செயலாளர் சிலுவையை எடுக்கச் சொன்னார், எல்லா மதத்தாரும் வருவார்களாம். போதகர் பேட்ஜை எடுக்கச் சொன்னார், ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாமாம். கீரியும் பாம்புமாக இருந்த இருவரும் ஒத்துப்போனது கை விஷயத்தில் மட்டும்தான். "இப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்," என்று செயலாளர் குரலைத் தாழ்த்தினார். அவளுடைய அம்மாவும் கை வேண்டாம் என்றே போதகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து, விரல் விரலாக அழித்தேன். கை போய்விட்டது. ஆனால் அது பிடித்திருந்த இடத்தில் சட்டை கசங்கியே இருந்தது. யாருமே தொடாத தோள் அழுந்திக் கிடந்தது. என் வலது கை மரத்துப்போய் மவுஸைப் பிடிக்க மறுத்தது. கர்த்தரே, என்னிடமிருந்து இவளை எடுத்தது போதாதா, இவளிடமிருந்து என்னை எடுக்க என் கைதான் கிடைத்ததா என்று வாய்விட்டே சண்டை போட்டேன். இப்போதெல்லாம் எனக்கு வரும் ஜெபம் இதுதான்.

மறுநாள் அவளுடைய அம்மா பேனரைப் பார்க்க வந்தார். கணினித் திரைக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

"இவளத் தனியா நிக்க வெச்சிட்டியே."

"நீங்கதானேம்மா எடுக்கச் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். நீ எப்படி எடுத்த?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். உட்கார்ந்து, கையைத் திரும்ப வைத்தேன். சிலுவையும் பேட்ஜும் இருந்த இடத்துக்கே வந்தன. இரண்டு பேனரையும் ஒரே மாதிரி அச்சுக்கு விட்டேன். எந்திரம் ஓடி முடியும்வரை அம்மா அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும்.

மை காயாமல் பேனரைச் சுருட்டக் கூடாது. காத்திருக்க அம்மாவுக்குப் பொறுமையில்லை. ஆலயத்துப் பேனரின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். அவளை விரித்தபடியே பட்டப்பகலில் தெருவழியே நடந்தோம். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஆலய வாசலில் போதகரின் முகம் சுருங்கியது. யாராவது இது யாருடைய கை என்று கேட்டால் என்ன சொல்வது என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

"என் கைங்க ஐயா," என்றேன். "கேட்டா அப்படியே சொல்லுங்க."