தொண்ணூறு நாள் தட்டு

என் தம்பி தர்மேந்திரனை நான் இன்னும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

சுங்கை சிப்புட் பக்கம் மூடிப்போன எங்கள் ரப்பர் தோட்டத்தில் மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோயில் மட்டும். திருவிழா அன்னதானம் முடிந்ததும் எச்சில் இலைகளைக் கோயிலுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைப்போம். அடுத்த வருடமும் அதே இடத்தில்தான் வெட்டுவோம்; அதற்குள் எல்லாம் மண்ணாகியிருக்கும். போன வருடம் இலையை நிறுத்திவிட்டு, செமோரில் தம்பி நடத்தும் கம்பெனியின் தட்டை வாங்கச் சொல்லிக் கமிட்டியில் மல்லுக்கு நின்றது செயலாளரான நான்தான். 'தொண்ணூறு நாளில் மண்ணோடு மண்ணாகும்' என்று பாக்கெட்டில் பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

இந்த வருடம் குழி வெட்டினார்கள். முதல் வெட்டிலேயே தட்டுகள் வந்தன. கழுவினால் மறுபடியும் சோறு போடலாம், அப்படி இருந்தன.

"என்னா கலா, ஒன் தம்பி தட்டு நம்ம எல்லாரையும் மேல அனுப்பிட்டுத்தான் போகும் போலருக்கு," என்றார் தலைவர் பத்துமலை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தம்பியும் ஏமாந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். எவனோ ஃபேக்டரிக்காரன் அவன் தலையில் கட்டிவிட்டான் என்று ஆத்திரம். இரண்டு தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஈப்போவில் இருக்கும் பயனீட்டாளர் புகார் அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே அதிகாரி அஃப்சானா, நம் தமிழ்ப் பெண். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு விளம்பரம் போட்டா ஆதாரம் காட்டணும்க்கா. இந்தக் கம்பெனிகிட்ட ஏற்கெனவே கேட்டோம். குடுத்திருக்காங்க," என்று கோப்பைத் திறந்தாள்.

உள்ளே எங்கள் கோயில் கடிதத்தாள். கோயில் முத்திரை. அடியில் என் கையெழுத்து. நடுவில் மலாயில் நிறைய எழுதியிருந்தது.

"இதுல என்னாம்மா எழுதியிருக்கு?"

"மூணு மாசம் கழிச்சு நீங்களே குழியத் தோண்டிப் பார்த்தீங்களாம். ஒரு தட்டுகூட இல்லையாம்."

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மலாய் பேசுவேன், ஆபீஸ் கடிதம் எழுத வராது. அதனால் வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, பத்துப் பத்தாகத் தம்பியிடம் கொடுத்துவைப்பேன். நகராண்மைக்கழகத்துக்கு, மின்சார ஆபீசுக்கு, எல்லாக் கடிதமும், எல்லாச் சூராட்டும் அவன்தான் எழுதுவான். பதினோரு வருடமாக இப்படித்தான். என்ன எழுதினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே வந்து போன் போட்டேன்.

"தட்டு மக்காதுன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

"மெசின்ல வச்சு சூடு காட்டினா மக்கும்க்கா. மண்ணுல லேட்டாகும். எல்லாரும் அப்படித்தான் போட்டு விக்கிறாங்க."

"புகார் ஆபீசுக் கோப்புல என் கையெழுத்து எப்படிடா வந்துச்சு?"

"நீ ஏன்க்கா அங்க போனே? புகார வாபஸ் வாங்கிரு. ஒன்ன யாரு கேக்கப்போறா?"

இவன் ஏமாந்துவிட்டான் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தேன். போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"கையெழுத்து என்னுதுதாம்மா. வெத்துத் தாள்ல போட்டது. அத எழுதினது என் தம்பி."

அஃப்சானா கோப்பை மூடிவைத்தாள். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"இதையே மலாயில எழுதிக் குடுங்கக்கா. எழுதித் தர வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தன் இருந்தான்," என்றேன்.