எல்லைக்கு முந்தின பெட்ரோல் பங்க்

புருஷனை வெளியில் விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது என்று எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் பெண்களைச் சொல்லிச் சொல்லியே வளர்ப்பார்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து ராய்ஸை விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் நீதிமன்றத்தில் படமாகவே போட்டுக் காட்டிவிட்டார்கள். மானம் கப்பலேறியாகிவிட்டது. இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது? மற்றவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை டார்கஸ் நியூ ஜெர்சியில் இருந்தாள். இந்தக் குளிர்காலத்தில் நுரையீரலில் ஏதோ வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெண் ஹேட்டிக்கு ஏழு வயது. தகப்பன் எங்கே என்று கேட்காதீர்கள், டார்கஸுக்கே தெரியாது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. குழந்தையை எங்களிடம் கொடுப்பதா, இப்போது பார்த்துக்கொள்ளும் அந்த ஊர்க் குடும்பத்திடமே விடுவதா என்று நீதிபதி முடிவு சொல்லும் நாள் வந்தது. அதற்காகத்தான் கிளம்பினோம். ராய்ஸ் அவளுக்கென்று தன் கையால் கட்டில் செய்து, கால்மாட்டில் முயல் ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்தால் கரடி மாதிரிதான் இருக்கும். அதற்காக இரண்டு வாரம் உட்கார்ந்தார் மனிதர்.

எங்கள் வக்கீலம்மா போனில் தெளிவாகச் சொன்னாள். "வீட்ல துப்பாக்கி இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்க, அலமாரில பூட்டி வச்சிருக்கோம்னும் சொல்லிட்டீங்க, நல்லது. வரும்போது மட்டும் ஒண்ணும் கொண்டு வராதீங்க. உங்க ஊர் துப்பாக்கி லைசென்ஸ் நியூ ஜெர்சில செல்லாது. மாட்டினா ஜெயில்தான், குழந்தையையும் மறந்துர வேண்டியதுதான்." ராய்ஸ் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் பார்க்கிறேன், சட்டை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருக்கிறது.

"ராய்ஸ், இடுப்புல என்ன?"

"பெல்ட்டு."

"பெல்ட்டுக்கு எப்ப கைப்பிடி முளைச்சுது?"

"ஜீனி, அங்கெல்லாம் பட்டப்பகல்ல காரை மறிச்சுப் பிடுங்குறாங்க. டிவில நீயும்தானே பாக்குறே? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணுமா?"

"வக்கீலம்மா படிச்சுப் படிச்சு சொன்னாளே!"

"பென்சில்வேனியா வரைக்கும் நம்ம லைசென்ஸ் செல்லும். எல்லைக்கு முந்தின பங்க்ல நிறுத்தி, தோட்டாவ உருவி, பெட்டில பூட்டி டிக்கில போட்டுர்றேன். ஊர்ல எல்லாரும் செய்றதுதானே?"

அதுவும் உண்மைதான். எங்கள் ஆண்களுக்கு எந்த மாநிலத்தில் எது செல்லும், எந்த பங்க்கில் நிறுத்திப் பூட்ட வேண்டும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பைபிள் வசனம் கேட்டால்தான் முழிப்பார்கள். பூட்டினால் சரி, எக்கேடும் கெட்டுப் போ என்று நானும் விட்டுவிட்டேன்.

வழியெல்லாம் நான் கட்டிக்கொண்டு வந்த பிஸ்கட்டையும் இறைச்சியையும் தின்றுகொண்டு வந்தோம். பென்சில்வேனியாவில் பாதி தூரம் போனதும் எனக்கு மண்டையிடி வந்துவிட்டது. பின் சீட்டில் தலையணையைப் போட்டு, போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். கார் நின்றபோது விழித்தேன். எல்லைக்கு முந்தின பங்க். ராய்ஸ் பணம் கட்ட உள்ளே போயிருந்தார். எனக்கு அவசரம். போர்வை கிடந்தபடி கிடக்கட்டும் என்று இறங்கி, கடையின் பின்பக்கம் இருந்த கழிப்பறைக்கு ஓடினேன். அங்கே பிள்ளைகுட்டிகளோடு ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தால் காரைக் காணோம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. காற்றடிக்கிற பக்கம் போயிருப்பார் என்று சுற்றிப் பார்த்தேன். இல்லை. போன் காரிலேயே சார்ஜில் கிடக்கிறது. பக்கத்துப் பம்பில் நசுங்கிய சிவப்புக் கார் ஒன்று, உள்ளே பாட்டு அதிர்கிறது. இரண்டு இளவட்டங்கள், தலையை மூடுகிற தொப்பி வைத்த சட்டை, கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருக்கிறார்கள். என் கை தானாகவே கைப்பையை இறுக்கிப் பிடித்தது. அவர்களில் ஒருவன் என்னை நோக்கி வந்தான்.

"அம்மா, சாம்பல் கலர் காரா? வெள்ளைத் தாடிக்காரரா?"

"ஆமா. எங்கே அவரு?"

"பறந்துட்டாரு. டிக்கியத் திறந்து வச்சுக்கிட்டு திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னாரு. வண்டி மக்கர் பண்ணுதோன்னு இவன் கேக்கப் போனான். டப்புன்னு டிக்கிய சாத்தினாரு பாருங்க, அப்படி ஒரு ஓட்டம்!"

மற்றவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "என் மூஞ்சி அவ்வளவு கேவலமாவா இருக்கு, அம்மா?"

"காலையில கண்ணாடி பாத்திருந்தா இந்தக் கேள்வி வருமாடா?" என்றான் முதலாமவன். அவன் பெயர் ஜோமார். மூஞ்சியைப் பற்றிக் கேட்டவன் அவன் சித்தப்பா மகன் எஃப்ராயின். எல்லையில் ஓடுகிற ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிற வேலையாம். "நாங்க அந்த ரோட்லதான் போறோம். ஏறுங்க, பிடிச்சுரலாம். தாத்தா எவ்வளவு வேகமா போயிருப்பாரு?"

ஏறினேன். வேறு வழி இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து ஆண்டவரே ஆண்டவரே என்று ஜபித்துக்கொண்டு வந்தேன், கதவு உள்ளிருந்து திறக்குமா என்று விரலால் தடவியும் பார்த்தேன். உதவி செய்ய வந்த பிள்ளைகளைப் பற்றி என் புத்தி போன போக்கைச் சொல்ல நாக்கூசுகிறது.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே எங்கள் கார் தெரிந்தது. ஜோமார் விளக்கை அடித்து அடித்துக் காட்டினான், ஹாரனை விடாமல் அழுத்தினான். ராய்ஸ் நிறுத்துவாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே நத்தை மாதிரி ஓட்டுகிற மனிதர், பாலத்தில் பிசாசு துரத்துவது போலப் பறந்தார். நாங்களும் விடவில்லை. பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குள் போய்விட்டோம். ஜோமார் பக்கத்து வரிசைக்கு வந்து கொஞ்சம் நெருங்கினான். அப்போது ராய்ஸின் கை உயர்ந்தது. கையில் துப்பாக்கி, பங்க்கில் பூட்டவே இல்லை. எங்களைப் பார்த்து நீட்டினார்.

"ஐயோ, குனிடா!" என்று எஃப்ராயின் அலறினான். ஜோமார் பிரேக்கை மிதித்தான். என் நெற்றி முன் சீட்டின் ஓரத்தில் போய் மோதியது.

சுடவில்லை. அந்த மட்டில் ஆண்டவர் கண் திறந்தார். கொஞ்ச தூரத்தில் போலீஸ் வண்டி ஒன்று ராய்ஸை ஓரம் கட்டியது. வேகத்துக்காகத்தான், துப்பாக்கி விஷயம் அவர்களுக்கு அப்போது தெரியாது. ஜோமார் வெகு பின்னாலேயே நிறுத்திவிட்டான்.

"அம்மா, நீங்க இறங்கி நடந்து போங்க. நாங்க வரமாட்டோம்."

"ஏன்ப்பா? நடந்ததைச் சொல்ல வேண்டாமா?"

"அவர் கையில துப்பாக்கி இருக்கு, போலீஸ் கையில துப்பாக்கி இருக்கு. நடுவுல நாங்க எதுக்கு?" சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் யாரும் கேட்காமலேயே கைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விரித்து வைத்துக்கொண்டார்கள். நான் இறங்கி எங்கள் காரை நோக்கி ஓடினேன்.

அதற்குள் அங்கே நடந்ததை நான் நீதிமன்றத்தில்தான் பார்த்தேன். போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ராய்ஸ் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பது போலச் சொல்கிறார்: "சார், முதல்லயே சொல்லிர்றேன். என்கிட்ட கைத்துப்பாக்கி இருக்கு. கென்டக்கி லைசென்ஸ் இருக்கு." எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. அப்படிச் சொன்னால் போலீஸ்காரர் நன்றி சொல்லிவிட்டு இந்த வருஷம் வேட்டையில் மான் மாட்டியதா என்று விசாரிப்பார். இங்கே அவர் பின்னால் துள்ளி, துப்பாக்கியை உருவிவிட்டார்.

"எதுக்கு வச்சிருக்கீங்க?"

"என் மனைவிக்காக, சார். அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ரெண்டு ரவுடிப் பசங்க துரத்திக்கிட்டு வர்றாங்க. பாவம், அவ ஒண்ணும் தெரியாம பின்னாடி தூங்குறா."

படத்தில் ஒரு கை வந்து பின்கதவைத் திறக்கிறது, போர்வையைத் தூக்குகிறது. தலையணை.

"உங்க மனைவி எங்க, சார்?"

தூரத்தில் ஒருத்தி கத்துவது மட்டும் கேட்கிறது. "சுட்டுராதீங்க! அந்தப் பிள்ளைங்கள ஒண்ணும் பண்ணிராதீங்க!" அது என் குரல்.

அப்படிக் கத்தியும் அந்தப் பிள்ளைகளைத் தரையில் குப்புறப் படுக்கவைத்துத்தான் விசாரித்தார்கள். எஃப்ராயின் தாடையில் ரோட்டுத் தூசி. "பரவாயில்லம்மா, பழக்கம்தான்" என்றான் என்னிடம். அன்றைக்கு அவர்கள் வேலைக்கும் போகவில்லை.

ராய்ஸைக் கூட்டிக்கொண்டு போய், பிறகு வழக்கு முடியும்வரை வெளியே விட்டார்கள். அந்த வழக்கு தனி. ஹேட்டியின் வழக்கில் நீதிபதியம்மா படத்தை முழுதும் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் ராய்ஸ் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது எனக்கு.

"திருமதி டாக்கெட்," என்றார் நீதிபதி, "உங்க கணவர் கெட்டவர்னு நான் நினைக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பின் சீட்ல படுத்திருந்தது ஹேட்டியா இருந்து, அவ எழுந்து போயிருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி அவர் திரும்பிப் பாத்திருப்பாரா?"

பாத்திருப்பார் என்ற ஒரு சொல் போதும். வக்கீலம்மா என் முழங்கையை மெல்ல இடித்தாள். அந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். என் தங்கையின் மூக்கும் முழியும் அப்படியே அவளுக்கு. பொய் வாய் வரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவள் கட்டிலில் தூங்குவதை நினைத்தேன், அவரை நம்பி அவளை விட்டுவிட்டு நான் கடைக்குப் போவதை நினைத்தேன்.

"துப்பாக்கி பக்கத்துல இருக்கான்னு பாத்துக்கிட்டாரு, அம்மா" என்றேன். "வேற எதையும் பாக்கல. பயந்துட்டாரு."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஊர் பார்க்க, விட்டுக்கொடுத்தேன். ஹேட்டி அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. பெரியம்மா விடுமுறைக்கு வந்து பார்த்துப் போகலாமாம். பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை கூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ராய்ஸ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உன்னைக் காப்பாத்தத்தான் ஜீனி நான்..."

"யார்கிட்ட இருந்து, ராய்ஸ்? நீ துப்பாக்கியை நீட்டினியே, அந்தக் கார்லதான் நான் இருந்தேன்."

தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்தே?"

"நடுவுல" என்றேன். "ரெண்டு சீட்டுக்கும் இடையில தலையை நீட்டி, உனக்குக் கையைக் கையை ஆட்டிக்கிட்டிருந்தேன்."